தீப்பெட்டியில் இரண்டு தகடுகள்

சாயங்காலம் காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிக்கிற ஒரு மனிதரிடம் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அவர் படித்தது செய்தியை இல்லை. இரவு முழுக்க அந்தக் காரிலிருந்து என்ன சொட்டியிருக்கிறது, எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்பதைத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற சர்வீஸ் சென்டரின் பையன்கள். வாட்ஸப் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். மரியாதைக்காக என்னையும் அதில் விட்டுவைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவன் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்துப் போட்டான். ஒரு காரின் ஸ்டியரிங் ரேக் போய்விட்டது, மொத்தமாக மாற்று என்று மெஷின் சிவப்பு எழுத்தில் சொல்லியிருந்தது. "அங்கிள், இது இல்லாம உங்க காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டிருந்தான். "பேப்பர் படித்து" என்று பதில் போட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்தன. நான் உண்மையைத்தான் சொன்னேன்.

மெஷின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது அப்போதே இருந்திருந்தால் என் வலது தோள்பட்டை இன்றைக்கு இந்தப் பாடு படாது. தாசன் விஷயத்தில் நான் செய்த தப்பும் நடந்திருக்காது. அந்தத் தப்பைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதைக் கேட்க வீட்டிலேயே ஆள் இல்லை.

பேப்பர் படித்தவர் பெயர் மீரான் பாய். சொந்த ஊர் மேலப்பாளையம். தாராவியில் தொண்ணூறடி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவருடைய கேரேஜ் இருந்தது. ஒரே நேரத்தில் நாலு கார் நிற்கலாம். ஐந்தாவது வந்தால் பக்கத்துத் தோல் குடோன்காரரிடம் கெஞ்ச வேண்டும். நடுவில் ஒரு குழி. அதில் இறங்கி நின்றால் காரின் அடிவயிறு தலைக்கு மேலே வரும். மழைக்காலத்தில் எங்களுக்கு முதல் வேலை அந்தக் குழியில் நிற்கும் தண்ணீரை ஆயில் டின்னால் இறைப்பது. பம்பாய் மழையில் பாதியை நான்தான் இறைத்தேன் என்று என் மனைவியிடம் சொல்வதுண்டு.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே சேர்ந்தபோது எனக்கு ஸ்பானர் நம்பர் கூடச் சரியாகத் தெரியாது. மூன்று வருஷம் கழுவினேன், துடைத்தேன், கழற்றினேன். நாலாவது வருஷம் மாட்டவும் விட்டார்கள். ஏழாவது வருஷம் ஸ்டியரிங் வேலை முழுக்க என் கைக்கு வந்தது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

பாயைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. திட்ட வேண்டும் என்றால் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார். "லே முத்து, வா, ஒரு கட்டிங் அடிப்போம்" என்று அவர் கூப்பிட்டால் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போவேன். பம்பாயில் கட்டிங் என்றால் அரை கிளாஸ் டீ. அந்த அரை கிளாஸை நாம் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். கிளாஸைக் கீழே வைத்ததும், காரைக் காடி என்கிற பம்பாய்ப் பேச்சில், "அந்தப் பச்சைக் காடியில நட்டு ஒண்ணு லூசா இருந்துச்சே, பாத்தியா?" என்பார். அவ்வளவுதான் திட்டு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு எந்த டீயும் தொண்டையில் இறங்காது. புதிதாகச் சேருகிறவர்கள், முதலாளி நமக்கு டீயெல்லாம் வாங்கித் தருகிறாரே என்று சந்தோஷப்படுவார்கள். நாங்கள் சொல்ல மாட்டோம்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. பம்பாயில் வேறு எந்த கேரேஜிலும் நான் அவற்றைப் பார்த்ததில்லை.

ஒன்று, தீப்பெட்டி. ஸ்டியரிங்கிலிருந்து எதைக் கழற்றி எடுத்து வெளியே வைத்தாலும், அது எவ்வளவு சின்னத் துண்டானாலும், காலித் தீப்பெட்டியில் போட்டு, மேலே கார் நம்பரை எழுதி, அந்தக் காரின் டேஷ்போர்டு டிராயரில் வைத்துவிட வேண்டும். "நாளைக்கு இந்தக் காடியை வேற ஒருத்தன் தொறப்பான். நாம என்ன பண்ணுனோம்னு அவனுக்குத் தெரியாண்டாமா?" என்பார். டாக்டர் சீட்டு மாதிரி அந்தத் தீப்பெட்டி காரோடு போகும்.

இரண்டாவது, பின் சீட்டு. ஸ்டியரிங் வேலை பார்த்தவன் காரைக் கொடுப்பதற்கு முன்னால் அதன் பின் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். காரின் டிரைவர் ஓட்டுவார். மாட்டுங்கா ஃபைவ் கார்டன் வரை போய், அங்கே பூங்காக்களுக்கு நடுவில் இருக்கிற ரோட்டு வட்டங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும். "பின்னால எதுக்கு பாய்? முன்னால உக்காந்தாத்தான ஸ்டியரிங் தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன். "முன்னால உனக்குப் பிடிச்சுக்க ஏதாவது இருக்கும்லே. பின்னால இருக்கவனுக்கு உன் வேலையைத் தவிர வேற பிடி கிடையாது" என்றார்.

இனி தாசன். செம்பூரில் ஒரு கம்பெனியின் பெரிய மேனேஜருக்கு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர் நாசரேத் பக்கம், என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவறாதவன். பீடி கூடக் கிடையாது. கம்பெனியின் ஐந்து கார்களும் எங்களிடம்தான் வரும். மற்ற டிரைவர்கள் காரை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். தாசன் மட்டும் குழிப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "அது என்னதுவே? இது எதுக்குவே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நான் அவனுக்குப் பதில் சொல்வது போலத் திட்டுவேன், அவன் கேட்காதது போலச் சிரிப்பான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும் அவன் மனைவி எஸ்தர் ஊரிலேயே இருந்தாள். இவன் சீத்தா கேம்ப்பில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருந்தான். வேலை நிரந்தரமானால் கம்பெனி குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைக்கும். அதற்கான உத்தரவு அந்த மழைக்காலத்தில் வர வேண்டியது. அவன் பேச்செல்லாம் அந்த உத்தரவில்தான் போய் முடியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். அடைமழை. தாசன் காரைக் கொண்டுவந்து, "முன் டயர்கிட்ட ஏதோ சொட்டுதுவே. ஸ்டியரிங்கும் ஆடுது" என்றான். பாய் வழக்கம்போலப் பேப்பரை விரித்துவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் சின்னதாய்க் கறுப்புப் புள்ளிகள். "இது எஞ்சின். வயசான காடி, சொட்டத்தான் செய்யும்" என்று தள்ளினார். இடது சக்கரத்துப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அதைச் சுண்டுவிரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். பிரேக் ஆயில் என்றால் தண்ணீர் போல இருக்கும், வழுக்காது. இது விரலிலேயே ஒட்டிக்கொண்டு நூல் இழுத்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். கெட்டுப்போன முட்டை நாற்றம். கியர் ஆயில், தொண்ணூறு நம்பர்.

"கியர்பாக்ஸ் அங்கன இல்லியே பாய்" என்றேன்.

"அங்கன என்ன இருக்கு?"

அங்கே இருந்தது ஸ்டியரிங் ரேக்கின் இடது முனை.

ரேக் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காருக்குக் குறுக்கே ஒரு குழாய். அதற்குள் பல் வெட்டிய ஓர் இரும்புத் தண்டு. ஸ்டியரிங் கம்பியின் அடியில் இருக்கிற சின்னப் பல்சக்கரம் சுழன்றால் இந்தத் தண்டு இடமும் வலமுமாக நகரும். முன் சக்கரங்கள் திரும்பும். குழாயின் இரண்டு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். உள்ளே கொஞ்சம் கியர் ஆயில். ரப்பர் கிழிந்தால் ஆயில் வெளியே வரும், மழைத்தண்ணீரும் சேறும் உள்ளே போகும். தாசனின் காரில் அதுதான் ஆகியிருந்தது.

பாய் என்னைக் குழியில் இறக்கினார். சக்கரத்தைத் தண்டோடு இணைக்கிற கம்பியை நான் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே தாசன் ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை அளவுக்கு இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். கண்ணால் பார்க்கக் கூடாது என்பது பாயின் கண்டிப்பு. கண்ணை மூடிக்கொண்டேன். மேலே ஸ்டியரிங் அசைந்தது. என் கையில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அசைந்த பிறகுதான் கம்பி 'டக்' என்று இடித்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி அங்கே வைத்து அசைக்கச் சொன்னார். இப்போது அசைந்த உடனேயே கையில் தெரிந்தது.

ரேக்கைத் திறந்து பார்த்தபோது சந்தேகமே இல்லை. கார் நாள் முழுக்க நேராகத்தான் ஓடுகிறது. அதனால் நடுவில் இருக்கிற பற்கள்தான் எப்போதும் உழைக்கின்றன. அவை தேய்ந்து மழுங்கியிருந்தன. இரண்டு ஓரத்துப் பற்களும் புதிது போல இருந்தன.

தண்டைப் பல்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்க அடியில் ஒரு கட்டை உண்டு. அதன் மூடிக்குக் கீழே காகிதம் போல மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம் என்போம். ஒரு தகட்டை எடுத்தால் பிடி இறுகும், ஆட்டம் குறையும். நான் மூடியில் கை வைத்ததுமே பாய் தடுத்தார்.

"அதை எடுத்து ஆட்டத்தைக் கொல்லாத. நடு தேஞ்சு மெலிஞ்சு கெடக்கு. ஓரம் தடியா இருக்கு. நடுவுக்கு இறுக்கமா வச்சா ஓரத்துக்குப் போகும்போது சிக்கிக்கிடும். இடுப்புக்கு அளவெடுத்த சட்டையைத் தோள்ல மாட்ட முடியுமால?"

ரப்பரை மாற்றினோம், சேற்றைக் கழுவினோம், புது ஆயில் ஊற்றினோம். புது ரேக்குக்குச் சொல்லிவிட்டார். வர மூன்று வாரம் ஆகும். அதுவரை ஆட்டத்தோடு மெதுவாக ஓட்டு என்று தாசனிடம் சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் கழித்துப் பாய் தங்கை மகள் கல்யாணத்துக்காக, பம்பாய்க்கு வெளியே இருக்கிற கல்யாண் என்கிற ஊருக்குப் போனார். போன அன்று மத்தியானமே தாசன் காரோடு வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"பெரியவரு பின்னால உக்காந்துகிட்டு, வண்டி ஏன் அலையுது, தூங்குதியான்னு கேக்காருவே. ரேக் தேஞ்சிருக்குன்னு சொன்னா, சாக்குச் சொல்லாதங்காரு. ராமநாதன் சார்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டாரு. இந்த வாரம் என் பெர்மனென்ட் பேப்பரு அவரு மேசைக்குப் போகுது. ஆட்டத்த மட்டும் கொஞ்சம் இல்லாமப் பண்ணிக் குடும். ரெண்டே வாரம்தான்."

ராமநாதன் சார் என்பவர் அந்தக் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் ஆபீசர்.

"பாய் வேண்டாம்னு சொல்லிருக்காரேவே" என்றேன்.

"பாய்க்கு என்ன, அவரு ஊட்டுக்காரி அவருகூடத்தான இருக்கா" என்றான்.

அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். எஸ்தரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் என்னால் இந்த ஒன்றைச் செய்து கொடுக்க முடியும் என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். குழியில் இறங்கினேன். மூடியைக் கழற்றி இரண்டு தகடுகளை எடுத்தேன், இறுக்கினேன். மேலே ஏறி ஸ்டியரிங்கை நேராக வைத்து அசைத்துப் பார்த்தேன். ஆட்டம் சுத்தமாக இல்லை. தாசனும் அசைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நேராக வைத்து மட்டும்தான் பார்த்தேன். ஓரம் வரை திருப்பிப் பார்க்கவில்லை. மழை கொட்டியது, அவனுக்கு நேரமாகிவிட்டது. அதனால் பின் சீட்டிலும் ஏறவில்லை. ஆனால் கை பழக்கம் விடுமா? அந்த இரண்டு தகடுகளையும் தீப்பெட்டியில் போட்டு, நம்பர் எழுதி, டிராயரில் வைத்தேன்.

பாய் திரும்பி வந்த அன்று காலை, அந்தக் கார் கேரேஜ் வாசலில் நின்றது. இடது பக்க ஹெட்லைட் இல்லை. பம்பர் வாயைக் கோணிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தது வேறொரு டிரைவர். தாசன் பின்னால் உட்கார்ந்து வந்தான். முன்னால் ராமநாதன் சார்.

ராமநாதன் சார் மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்காரர். வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டுவது போலத்தான் பேசவும் செய்வார். பாயிடம் நடந்ததைச் சொன்னார். முந்தா நாள் காலை செம்பூரில் ஒரு சந்துக்குள் இடது பக்கம் திரும்பியிருக்கிறார்கள். திரும்பிய கார் மறுபடி நேராகத் திரும்பவே இல்லை. அப்படியே நடைபாதையில் ஏறி, ஒரு டீக்கடைப் பெஞ்சை உடைத்துக்கொண்டு கம்பத்தில் முட்டியிருக்கிறது. மழையானதால் பெஞ்சில் யாரும் இல்லை. பெரிய மேனேஜருக்கு நெற்றியில் வீக்கம்.

"டிரைவர் தூங்கிட்டான்கறார் மேனேஜர். இவன் ஸ்டியரிங் திரும்பலைங்கறான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். நீங்க பாத்துட்டு, ஸ்டியரிங்ல குறை இருக்கா இல்லையான்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுங்கோ பாய். குறை இல்லேன்னா இவனை நான் வெச்சுக்க முடியாது."

தாசன் என்னைப் பார்க்கவே இல்லை. 'முத்துகிட்ட டைட் பண்ணச் சொன்னேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு நாளாகச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, வேலை போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தான். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? காரின் பேப்பர்களை எடுக்கிற சாக்கில் டிராயரைத் திறந்து, அந்தத் தீப்பெட்டியை என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காரைக் குழி மேல் ஏற்றி முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினோம். பாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். என்னைக் கீழே இறங்கச் சொன்னார்.

குழியில் முட்டளவு தண்ணீர். தலைக்கு மேலே அந்த மூடி. என் ஸ்பானர் பட்ட தடம் அதில் பளிச்சென்று இருந்தது. மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் போதும். பாய் ஒரே விரலால் திருப்புகிற சோதனையில் ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு போகும். "ஆட்டம் உண்டு, ஆனால் திரும்பாத அளவுக்குக் குறை இல்லை" என்று எழுதுவார். கேரேஜுக்குக் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. ஸ்பானரை மூடியில் வைத்தேன். இதை நாற்பது வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. வைத்தேன்.

"முத்து, திருப்பட்டுமா?" என்று மேலிருந்து பாய் கேட்டார்.

"இருங்க பாய்" என்றேன்.

குழி ஓரத்துக்கும் காருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தாசனின் கால்கள் தெரிந்தன. கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ. அதற்கு அன்றைக்கும் பாலிஷ் போட்டிருந்தான். வேலையை விட்டு அனுப்புவதற்காகக் கூட்டிவருகிறார்கள் என்று தெரிந்தும் காலையில் எழுந்து பாலிஷ் போட்டிருக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்பானரை எடுத்துவிட்டேன். "திருப்புங்க பாய்" என்றேன்.

வலது பக்கம் அரைச் சுற்று வந்தது. நேராக வந்தது. இடது பக்கம் போனது. முக்கால் சுற்றில் நின்றது. பாய் கையை மாற்றி அழுத்தினார். கிறீச் என்று கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் கவ்விக்கொண்டது.

நான் குழியை விட்டு ஏறி வந்தேன். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து பானெட் மேல் வைத்தேன்.

"பாய், இந்த ரெண்டு தகட்டையும் எடுத்தது நான்தான். நீங்க கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு. நடுவுல மட்டும்தான் பாத்தேன். ஓரத்துக்குத் திருப்பிப் பாக்கல. பின்னால ஏறியும் போகல."

பாய் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்றான் இவன்?" என்றார் ராமநாதன் சார்.

"டிரைவர் மேல தப்பு இல்லன்னு சொல்லுதான் சார். தப்பு எங்க கேரேஜ்ல."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தாசன் முன்னால் வந்து, "நான்தான் சார் டைட் பண்ணித் தரச் சொன்னேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான்" என்றான். இரண்டு நாள் வாயைத் திறக்காதவன் திறக்க வேறு நேரம் கிடைக்கவில்லை.

பாய் அவன் பக்கம் திரும்பினார். "நீ சும்மா இரு. காய்ச்சக்காரன் ஊசி போடுன்னுதான் கேப்பான். போடலாமா வேண்டாமான்னு டாக்டர்தான் பாக்கணும்."

பாய்க்கு இங்கிலீஷ் எழுத வராது. கடைசியில் எங்கள் லெட்டர்பேடில் எங்கள் தப்பை ராமநாதன் சாரே அழகான இங்கிலீஷில் எழுதினார். பாய் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே எங்க வண்டியெல்லாம் இங்க அனுப்ப மேல இருக்கறவா விடமாட்டா பாய். எனக்கே கஷ்டமா இருக்கு" என்றார்.

"தெரியும் சார். புது ரேக் வந்ததும் இந்த ஒரு காடியை மட்டும் அனுப்புங்க. நாங்க கெடுத்ததை நாங்களே சரி பண்ணிக் குடுத்துருதோம்" என்றார் பாய்.

அன்றைக்குப் பாய் எனக்கு டீ வாங்கித் தரவில்லை. மறுநாளும் இல்லை. வேலை சொன்னார், சாப்பிடச் சொன்னார், மழை கூடுகிறது என்றார். டீ மட்டும் சொல்லவில்லை. ஏழு வருஷமாகப் பயந்து ஓடிய அந்த அரை கிளாஸுக்காக நான் ஏங்கிப்போனேன். அதைக் கொடுத்துத் திட்டிவிட்டால் நான் அந்த கேரேஜின் ஆள்தான் என்று ஆகும். கொடுக்காமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை.

புது ரேக் வந்தது. கம்பெனி சொன்னபடி அந்த ஒரு காரை அனுப்பியது. ஓட்டி வந்தவன் தாசன். ரேக்கை நான்தான் மாட்டினேன். பாய் பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தேன். மிஞ்சிய தகடு ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு டிராயரில் வைத்தேன். பாய் தாசனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "பின்னால ஏறு" என்றார்.

தாசன் ஃபைவ் கார்டனுக்குப் போகவில்லை. வட்டங்களை விட்டுவிட்டு சயான் வழியாக நேராகச் செம்பூருக்கு ஓட்டினான். அந்தச் சந்து வந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தான். நான் பின் சீட்டில், பாய் சொன்னது போல, பிடிக்க ஒன்றும் இல்லாமல் இருந்தேன். கார் திரும்பியது. திரும்பியதும் தாசன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினான். ஸ்டியரிங் அதுபாட்டுக்குச் சுழன்று நேராக வந்தது.

"பாத்தீராவே?"

"கையைக் கீழ வையும்வே" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் அந்த டீக்கடை. புதுப் பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்கள் காரைப் பார்த்ததும் கடைக்காரர், உத்தரப்பிரதேசத்து ஆள், பெஞ்சைத் தூக்கிக் கடைக்குள் வைத்துவிட்டு வாசலில் நின்றார். தாசன் சிரித்தபடி இறங்கி இரண்டு கட்டிங் சொன்னான்.

"பாய் உமக்கு வாங்கிக் குடுக்கச் சொன்னாரு" என்று கிளாஸை என்னிடம் நீட்டினான்.

வாங்கினேன், ஆனால் வாயில் வைக்கவில்லை. "குடிச்சு முடிச்சதும் என்ன சொல்லச் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லச் சொல்லல. டீ மட்டும்தான்."

நின்றுகொண்டே குடித்தோம். முடித்ததும் தாசன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். "நேத்து சாயந்திரம் குடுத்தாங்க. இங்கிலீசு. ராமநாதன் சார் படிச்சுச் சொன்னாரு. இருந்தாலும் நீரு ஒருக்கப் படியும்."

என் இங்கிலீஷ் ஸ்பானர் நம்பரோடு நிற்கிற இங்கிலீஷ். ஆனாலும் தாசனின் பெயரையும், அதற்குக் கீழே பெர்மனென்ட் என்கிற வார்த்தையையும் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினேன். "எஸ்தருக்கு லெட்டர் போட்டாச்சு" என்றான்.

கடைக்காரர் அதுவரை காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் இப்போது சரியாகிவிட்டதா, பெஞ்சை வெளியே போடலாமா என்று ஹிந்தியில் கேட்டார். தாசன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"போடுங்க" என்றேன்.

பெஞ்சு வெளியே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து இன்னொரு கட்டிங் சொன்னோம்.